கொல்லிமலையில் செய்து கற்கும் அறிவியல்: தொடக்கப்பள்ளி வகுப்பறையின் ஒரு வரலாறு

அறிமுகம்

தொடக்கப்பள்ளி மாணவர்கள் பொருள்களைத் தொட்டும், அளந்தும், சோதித்துப் பார்த்தும் அறிவியலைக் கற்பது 'செய்து கற்றல்' எனப்படுகிறது. இது அண்மையில் வந்த புதிய முறை என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளுக்கு இக்கருத்து 1940கள் தொடங்கிப் பலமுறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பெயருடன் வந்தது. சில முறை ஒரு பெட்டியுடனும் வந்தது. சில ஆண்டுகளில் மங்கிப்போய், பின்னர் வேறு பெயரில் திரும்பியது.

எது வந்தது, அதில் எது நிலைத்தது, நிலைக்காதது ஏன் நிலைக்கவில்லை என்பதைக் கொல்லிமலைப் பள்ளிகளை மனத்தில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு மலைப்பள்ளியைக் கொண்டு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் எப்பொருளும் அங்கே மலையேறித்தான் வர வேண்டும். உடைந்தால் மாற்றுப் பொருளும் அப்படியே. ஆகவே ஒரு கல்வித் திட்டம் பொருளை நம்பி நிற்கிறதா, ஆசிரியரையும் மாணவரையும் நம்பி நிற்கிறதா என்பது மலையில் விரைவில் தெரிந்துவிடும்.

கொல்லிமலை: இடமும் பள்ளியும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997இல் நாமக்கல் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. மேற்பரப்பின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்க இலக்கியம் இதனைக் குறிக்கிறது. இங்குள்ள ஊராட்சிகள் வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என இன்றும் 'நாடு' என்ற பெயரையே தாங்கியுள்ளன.

மக்களில் பெரும்பாலோர் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். பெயர் அப்படி இருந்தாலும் இவர்கள் தமிழ் பேசுபவர்கள். கேரளத்து மலையாளிகள் வேறு. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இவர்களின் பழைய பயிர்கள். பின்னர் மரவள்ளி, காபி, மிளகு, வாழை, அன்னாசி ஆகியவை பரவின.

குடியிருப்புகள் சிதறிக் கிடப்பதால் மலையில் சிறிய தொடக்கப்பள்ளிகள் இயல்பானவை. இவற்றோடு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. ஈராசிரியர் பள்ளி என்றால் ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றால் ஐந்தும் ஒருவரிடம். 'ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர், ஒரு பாடவேளை' என்ற கணக்கில் எழுதப்பட்ட எந்தத் திட்டமும் இத்தகைய பள்ளியில் முதல் வாரத்திலேயே தடுமாறும்.

ஆதாரக் கல்வி

கையால் செய்து கற்பதை இந்தியாவில் ஒரு பொதுக் கொள்கையாக முன்வைத்தவர் காந்தியடிகள். 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் அவரது திட்டம் ஆராயப்பட்டது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. தமிழில் இது 'ஆதாரக் கல்வி' எனப்பட்டது. நூற்றல், தோட்டம் போன்ற ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கும் இயற்கை அறிவும் மொழியும் அதனோடு இணைத்துக் கற்பிக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் இதற்கு ஊக்கம் அளித்தார். 1947இல் சௌந்திரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் இம்முறையின் முக்கிய மையங்களில் ஒன்றானது.

ஆதாரப் பள்ளியின் தோட்டத்தில் விதை முளைப்பதைக் குழந்தை கண்ணால் கண்டது. தக்ளியில் நூற்ற நூலை அளந்து கணக்குப் போட்டது. ஆனால் பல பள்ளிகளில் நூற்பு ஒரு கடமையாகச் சுருங்கியது. தக்ளி சுற்றியது, 'ஏன்' என்ற கேள்வி எழவில்லை. நடுத்தர வகுப்புப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நூற்க அனுப்ப விரும்பவுமில்லை. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் ஆதாரக் கல்வி மெல்ல ஓய்ந்தது.

கொடைக்கானலில் மாண்டிசோரி

அதே காலத்தில் தமிழ்நாட்டின் வேறொரு மலையில் மற்றொரு முயற்சி நடந்தது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறுக்கு வந்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதால் அவர் நாடு திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை அவரும் மகன் மாரியோவும் கொடைக்கானலில் தங்கினர். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன அவர்களுக்குத் துணைநின்றார்.

அதுவரை மாண்டிசோரி முறை பெரும்பாலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானதாகவே அறியப்பட்டிருந்தது. 6 முதல் 12 வயது வரையுள்ளவர்களுக்கான இயற்கை ஆய்வுப் பாடங்கள் கொடைக்கானலில்தான் விரிவாக உருப்பெற்றன. காடும் ஓடையும் செடியும் பூச்சியும் அங்கே பாடப்பொருளாயின. தொடக்கப்பள்ளி வயதினருக்கான அறிவியல் கல்வியில் உலகம் முழுதும் பேசப்படும் ஒரு முறை தமிழ்நாட்டு மலையொன்றில் வளர்ந்தது என்பது நம் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. எனினும் அது தனியார் பள்ளிகளின் வழியாகவே பரவியது. அரசுத் தொடக்கப்பள்ளிக்கு அது அப்போது வந்து சேரவில்லை.

இடிந்த பள்ளிகளுக்காக எழுதிய நூல்

போருக்குப் பின் உலக அளவில் இன்னொரு வழி திறந்தது. குண்டுவீச்சில் ஆய்வுக்கூடங்களை இழந்த நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 1948இல் ஒரு சிறு வழிகாட்டி நூலை வெளியிட்டது. அங்காடியில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு கருவிகள் செய்வதை அது விளக்கியது. போரில் சேதமடைந்த பள்ளிகளைவிட, ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளிகளுள்ள நாடுகளில் இதற்கு அதிக வரவேற்பு இருப்பது விரைவில் தெரியவந்தது. 1956இல் அது விரிவாக்கப்பட்டு அறிவியல் கற்பித்தலுக்கான மூலநூலாக வெளிவந்து, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்காவும் பிரிட்டனும் பள்ளி அறிவியலை மாற்றி எழுதத் தொடங்கின. பிரிட்டனில் நஃபீல்டு அறக்கட்டளை 1964இல் தொடக்கப்பள்ளி அறிவியலுக்கெனத் தனித்திட்டம் தொடங்கியது. குழந்தை தானே கேள்வி எழுப்பித் தானே சோதிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தியாவில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக்குழுவும் அறிவியலைப் பள்ளிக்கல்வியின் கட்டாயப் பகுதியாக்கப் பரிந்துரைத்தது.

பெட்டியின் காலம்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை தொடக்கப்பள்ளிகளின் வறுமையை நேராகப் பார்த்தது. அதன்படி 1987இல் 'கரும்பலகைத் திட்டம்' தொடங்கியது. ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், இன்றியமையாத கற்பித்தல் கருவிகள் என்பது அதன் குறிக்கோள். கருவிகளில் ஓர் அறிவியல் பெட்டியும் இருந்தது. ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாவது ஆசிரியர் கிடைத்தது இத்திட்டத்தின் பெரும்பயன். மலைப்பகுதிகளைப் போல ஓராசிரியர் பள்ளிகள் மிகுந்த இடங்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பெட்டியின் கதை வேறு. நாட்டின் பல பள்ளிகளில் அது அலமாரியில் பூட்டியே இருந்தது. இதற்கு ஆசிரியரின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. பள்ளி நிர்வாகம் அறிந்தவர்கள் உண்மைக் காரணத்தை அறிவார்கள். பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தது. தணிக்கையின்போது எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். ஒரு குழந்தை சோதனைக்குழாயை உடைத்தால் விளக்கம் எழுத வேண்டியவர் தலைமையாசிரியர். பயன்படுத்தாதவருக்கு ஒரு கேள்வியும் வராது. பயன்படுத்தியவருக்கே கேள்வி வரும். இந்த ஏற்பாட்டில் பெட்டி பூட்டியிருந்ததில் வியப்பில்லை. பெட்டியை அனுப்பியவர்கள், உடைவதற்கும் தீர்வதற்கும் ஒரு வழி செய்யாமல் அனுப்பினார்கள்.

ஹோசங்காபாத் தந்த பாடம்

பெட்டியைத் திறந்து காட்டிய ஓர் இடமும் இந்தியாவில் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரு அமைப்புகள் 16 அரசுப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டத்தைத் தொடங்கின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், டெல்லி பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் தன்னார்வமாக உதவினர். 1978இல் இது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982 முதல் ஏகலவ்யா என்ற அமைப்பு இதனை நடத்தியது. பொறியாளரான அரவிந்த் குப்தா 1978இல் இங்குப் பணியாற்ற வந்தபோதுதான், தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வு குழாயையும் இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை உருவாக்கினார்.

இத்திட்டம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கானது. ஆனாலும் தொடக்கப்பள்ளிக்கு இதில் முக்கியப் பாடம் உண்டு. இங்கே பெட்டி மட்டும் கொடுக்கப்படவில்லை. ஆசிரியர்கள் முதலில் தாங்களே எல்லாச் சோதனைகளையும் செய்து பார்த்தனர். மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது நடந்தது, எது சரிவரவில்லை என்று பேசினர். தேர்வும் மாறியது: மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. ஆனால் முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் இது நடந்தது என்பதே, ஏழைப் பள்ளியில் செய்முறை அறிவியல் இயலாது என்ற வாதத்திற்கு மறுப்பாக நிற்கிறது.

தமிழ்நாட்டில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பள்ளிக்கு வெளியே இத்தகைய பணியைச் செய்தது. அதன் 'துளிர்' இதழ் 1987 முதல் சிறுவர்களுக்கு எளிய சோதனைகளைத் தமிழில் தந்துவருகிறது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, மாணவர்கள் தம் ஊரின் ஒரு சிக்கலை எடுத்து ஆராய வழிசெய்தது.

செயல்வழிக் கற்றல்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகளில் மிகப்பெரிய மாற்றம் 2003இல் தொடங்கியது. அதன் வேர் ஆந்திரத்தின் ரிஷிவேலியில் இருந்தது. அங்கு ரமா, பத்மநாப ராவ் இணையர், சுற்றுக் கிராமங்களின் சிறு பள்ளிகளுக்காக 1980களில் ஒரு முறையை வகுக்கத் தொடங்கினர். ஒரே அறையில் பல வகுப்புக் குழந்தைகள் இருக்கும் பள்ளிகள் அவை. பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி வரிசையில் வைத்து, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேறும்படி செய்தனர்.

சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இம்முறையை 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். ஆசிரியர்கள் ரிஷிவேலி சென்று பார்த்து வந்தனர். அட்டைகளை ஆசிரியர்களே தயாரித்தனர். அடுத்து 264 மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக 2007-08இல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் இது விரிந்தது. கொல்லிமலையின் பள்ளிகளும் இதில் அடங்கின.

வகுப்பறையின் தோற்றமே மாறியது. பெஞ்சு இருந்த இடத்தில் பாய் வந்தது. சுவரின் அடிப்பகுதியில் குழந்தைகள் எழுதக் கீழ்மட்டக் கரும்பலகை அமைந்தது. மேலே கம்பிப் பந்தலில் அவர்களின் படைப்புகள் தொங்கின. சுயவருகைப் பதிவேடும் காலநிலை அட்டவணையும் மாணவர் கைக்கு வந்தன. இன்று வெயிலா, மேகமா, மழையா என்று பார்த்துக் குறிக்கும் காலநிலை அட்டவணை, நாள்தோறும் நடக்கும் ஓர் அறிவியல் பதிவு. மூடுபனி எளிதில் இறங்கும் கொல்லிமலையில் அது வெறும் அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இம்முறை சிறிய, பல்வகுப்புப் பள்ளிக்காகவே பிறந்தது. பிறகு சென்னைக்குச் சென்று, அங்கிருந்து ஆணையாக மலைக்கு வந்தது. நகரத்தின் பெரிய பள்ளிகளில் வெவ்வேறு வகுப்பினரை ஒன்றாக அமர்த்துவது புதுமையாகத் தெரிந்தது. ஈராசிரியர் பள்ளிக்கோ அது அன்றாட வழக்கம். அந்த வழக்கத்திற்கு ஒரு முறையான வடிவம் கிடைத்ததே மலைப்பள்ளி பெற்ற நன்மை.

குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஒரு சோதனையைச் செய்யச் சொல்லும் அட்டை, நேரமில்லாதபோது பார்த்து எழுதும் அட்டையாக மாறியது. ஏணிப்படியில் எத்தனை மைல்கற்கள் தாண்டின என்பது பார்வையின்போது கேட்கப்பட்டது. குழந்தை எதைக் கண்டுபிடித்தது என்பது கேட்கப்படவில்லை. 2012-13இல் முப்பருவ முறை வந்ததும் செயல்வழிக் கற்றல் எளிமைப்படுத்தப்பட்டது. அட்டைகளின் இடத்தை மீண்டும் புத்தகம் பிடித்தது.

அண்மைக் காலம்

2018-19 முதல் படிப்படியாக வந்த புதிய பாடநூல்களில் படங்களும் செயல்பாடுகளும் நிறைந்துள்ளன. விரைவுத் துலங்கல் குறியீட்டை அலைபேசியால் படித்தால் காணொலி தோன்றும். இது ஆசிரியருக்கு நல்ல துணை. ஆனால் விதை முளைக்கும் காணொலியைப் பார்ப்பதும், தான் விதைத்த விதை முளைக்காமல் போனது ஏன் என்று யோசிப்பதும் ஒன்றாகா.

2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுசெய்ய எழுத்தறிவையும் எண்ணறிவையும் முன்னிறுத்தியது. அது தேவையான பணி. அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' அறிவியல், கணிதச் சோதனைகளைப் பள்ளிகளுக்கு எடுத்துச் செல்கிறது. அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கானது. ஆக, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைக்குச் செய்முறை அறிவியல் கிடைப்பது இன்றும் அதன் வகுப்பாசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தே இருக்கிறது.

மலையில் கிடைக்கும் சோதனைகள்

வகுப்பாசிரியர் விரும்பினால் கொல்லிமலையில் பொருளுக்குப் பஞ்சமில்லை. சில எடுத்துக்காட்டுகள்:

நிழல்: ஒரு மீட்டர் நீளக் குச்சியைத் தரையில் செங்குத்தாக நட்டு, நண்பகலை ஒட்டி நிழலை அளக்கலாம். கொல்லிமலை ஏறத்தாழ வடக்கு 11.3 பாகையில் உள்ளது. டிசம்பர் 22இல் மிகக் குறுகிய நிழல் வடக்கு நோக்கி 69 செ.மீ. அளவில் இருக்கும். ஜூன் 21இல் அது தெற்கு நோக்கி 21 செ.மீ. அளவில் விழும். இடையில், ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23ஐ ஒட்டியும் நிழலே இல்லாத நாள் வரும். அதுவும் கடிகாரம் 12 காட்டும்போது அன்று, 12.15 முதல் 12.20 மணிக்குள். இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது என்பதால் இந்த வேறுபாடு. ஒரு குச்சியும் அளவுகோலும் போதும்.

காற்றழுத்தம்: அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மலைமேல் வரும்போது உப்பியிருப்பதைப் பேருந்தில் வரும் எந்தக் குழந்தையும் பார்த்திருக்கும். 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. உள்ளிருக்கும் காற்று அதே அளவு. வெளியிலிருந்து அழுத்தும் காற்று குறைந்துவிட்டது. அதே காரணத்தால் அங்கே தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிப்பதில்லை. சுமார் 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஆசிரியர் தெர்மாமீட்டர் வைத்துக் கொதிக்கவைத்துக் காட்டினால், புத்தகத்தில் உள்ள எண்ணும் கருவி காட்டும் எண்ணும் மாறுபடும். எது சரி என்று குழந்தைகள் கேட்கும் அந்தக் கேள்வியில்தான் அறிவியல் தொடங்குகிறது.

மாவுச்சத்து: டிங்சர் அயோடினில் சில துளிகளைத் தண்ணீரில் கலந்து, மரவள்ளித் துண்டின் மீது விட்டால் கருநீல நிறம் தோன்றும். வாழைக்காயிலும் தோன்றும். நன்றாகப் பழுத்த பழத்தில் மிகக் குறைவாகத் தோன்றும். பழுக்கும்போது மாவு சர்க்கரையாகிறது என்பதை இவ்வாறு கண்ணால் காணலாம். அயோடின் பட்ட துண்டுகளை உண்ணக்கூடாது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

விதை: கொல்லிமலையில் சாமையிலும் தினையிலும் பல உள்ளூர் வகைகள் உண்டு. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, செந்தினை, பெருந்தினை ஆகியவை அவற்றுள் சில. மரவள்ளி பரவியபோது இவற்றின் பரப்பு சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் மலைமக்களோடு இணைந்து இவற்றைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. இவ்விதைகளைத் தேங்காய்ச் சிரட்டைகளில் விதைத்து, எது முதலில் முளைக்கிறது, தண்ணீர் குறைந்தால் எது தாங்குகிறது என்று ஒப்பிடலாம். வகையின் பெயரையும் விதைக்கும் பருவத்தையும் குழந்தை வீட்டில் பாட்டியிடம் கேட்டு வர வேண்டும். அப்போது பள்ளிக்குத் தெரியாததை வீடு சொல்லிக்கொடுக்கிறது. பழங்குடிக் குடும்பங்களில் பள்ளி என்பது தம்மிடம் இல்லாததை மட்டுமே பேசும் இடம் என்ற எண்ணம் உண்டு. அதனை மாற்ற இதைவிட எளிய வழி இல்லை.

முடிவுரை

ஆதாரக் கல்வி முதல் செயல்வழிக் கற்றல் வரையிலான வரலாற்றில் ஒரு பொதுமை தெரிகிறது. ஆசிரியர் தானே செய்து பார்த்து, மற்ற ஆசிரியர்களுடன் பேசி, உடைந்ததை அச்சமின்றி மாற்ற முடிந்த இடத்தில் செய்முறை அறிவியல் நிலைத்தது. பொருளும் ஆணையும் மட்டும் வந்த இடத்தில் அது அலமாரிக்குள் சென்றது.

இதற்கான வழிகள் அரிதானவையல்ல. ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் படிவங்களைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஒரு பகுதியைச் சோதனைகளுக்கு ஒதுக்கலாம். உடையும் பொருள்களை இருப்புப் பதிவேட்டில் 'தீர்ந்துபோகும் பொருள்' என்ற கணக்கில் வைக்கலாம். தேர்வில் ஒரு கேள்வியேனும் மாணவர் அளந்து எழுதிய பதிவிலிருந்து கேட்கலாம்.

இதில் இழப்பும் ஆதாயமும் குழந்தைக்கே. ஐந்தாம் வகுப்பு முடித்த மலைக்குழந்தை மேல்படிப்புக்காக விடுதிக்கோ சமவெளிக்கோ செல்கிறது. தன் ஊரில் தண்ணீர் 96 பாகையில் கொதிக்கும் என்பதையும், தன் பாட்டியின் சாமைக்கு ஒரு பெயர் உண்டு என்பதையும் தானே அளந்தும் கேட்டும் அறிந்த குழந்தை, அடுத்த பள்ளியிலும் கையை உயர்த்திக் கேள்வி கேட்கும்.